முங்காள்

ஆறு வருடம் ஜப்பானில் வெந்நீர் ஊற்றில் கிடந்தவன் நான். ஒரு நாளைக்குப் பத்து முறை முங்கி எழுந்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் உடம்புக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை, முக்கியமாக என் மனைவி பிரகதியிடம்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கக் கேள்விகளாக எழுதி எடுத்துக்கொண்டு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தபோது நான் எழுந்து போக ஒரு சாக்குத் தேடினேன்.

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு மேல் முங்கியவர்களுக்கு எங்கள் கம்பெனி ஒரு மரியாதை செய்யும். வேலை பார்த்த அதே விடுதியில் மனைவியோடு மூன்று நாள் விருந்தாளியாகத் தங்கிக்கொள்ளலாம். வேலையை விட்டுப் பத்து வருடத்துக்குள் போக வேண்டும். ஒன்பது வருடம் நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கம்பெனிக்காரன் பாவி, கடைசி நினைவூட்டலை அவள் போனுக்கும் அனுப்பிவிட்டான்.

"ஏனுங்க மாமா, தண்ணிக்குள்ள போக எத்தனை படி எறங்கோணும்?"

"அஞ்சாறு இருக்கும். கல்லுப் படி."

"புடிச்சுக்கக் கம்பி இருக்குமா?"

"இருக்கும்."

எழுதிக்கொண்டாள். "ரூம்பு கீழயா, மேலயா?"

"கேட்டாக் கீழ குடுப்பாங்க."

"கேட்டுருங்க. தரையிலதான் படுக்கோணுமா?"

"கனமான மெத்தை போடுவாங்க அம்மிணி. ஜப்பானுக்குப் போயிக் கட்டில் கேட்டவன்னு பேர் வாங்கிராத."

அவள் சிரிக்கவில்லை. 'கட்டில்' என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர் என்றாலே பயப்படுகிறவள், திருப்பூரைத் தாண்டிப் போனதெல்லாம் கொடுமுடிக்கும் பழனிக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிக்கும் முறையைச் சொன்னேன். முதலில் வெளியே ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கோடு குளத்தில் இறங்கக் கூடாது, துணி ஒன்றும் இருக்கக் கூடாது என்றேன்.

"முக்காலி எவ்வளவு உசரம்?"

"ஒரு சாண் இருக்கும். துணி இருக்கக் கூடாதுங்கறேன், அதுக்கு ஒன்னும் சொல்லக் காணோம்?"

"அதெல்லாம் பாத்துட்டேன். தனிக் குளம் இருக்குதாமா, ஒரு மணி நேரம் நமக்குன்னு குடுப்பாங்களாமா. வெளிய பலகை மாட்டிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "தாலி?"

"கந்தகத் தண்ணி. நகை கறுத்துப் போயிரும்."

"கழட்ட மாட்டேன்."

"அப்பக் கொடிய வெச்சுட்டு மஞ்சக் கயித்துல கோத்துக்க."

"மஞ்ச தண்ணியில எறங்குனா அவிய ஏதாச்சும் சொல்லுவாங்கல்ல?"

கயிற்றை ஏழு தடவை அலசி, சாயம் போன பிறகு கட்டிக்கொள்வது என்று அவளே தீர்மானம் செய்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று நின்று, வீட்டிலும் எதையோ குறை பார்ப்பது போலவே இருக்கிற முகம் அவளுக்கு. அன்று கல்யாணப் பெண் போல இருந்தாள்.

இந்த ஆசையை அவளுக்குள் வளர்த்தவனும் நான்தான். யுமோரி என்ற அந்த மலையூரிலிருந்து வாரா வாரம் பேசுவேன். எனக்குப் பின்னால் பனி விழும், ஆவி பறக்கும். "எப்புடி இருக்குதுங்க தண்ணி?" என்று கேட்பாள். "சொர்க்கம் அம்மிணி. எலும்பு வரைக்கும் எறங்குது" என்பேன். கைக்குழந்தையோடும் இரண்டு ஷிஃப்டோடும் கிடக்கிறவளிடம் வேறு என்ன சொல்வது? பொய் சொன்னேன். அவள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

வேலைக்கு ஆள் எடுத்தது கோயம்புத்தூரில். டை கட்டிய ஒருவர் மேஜையில் இரண்டு கழுத்துப் பட்டைகளை வைத்தார். நாய்க்குக் கட்டுவது மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் பளபளப்பு அதிகம்.

"இதை நீங்க போட்டுக்குவீங்க. இன்னொண்ணை மும்பையிலயோ லண்டன்லயோ கஸ்டமர் போட்டுக்குவார். நீங்க வெந்நீர்ல இறங்கினா, அவர் கட்டில்ல படுத்துக்கிட்டே வெந்நீரை அனுபவிப்பார். தொண்ணூறு வயசுக்காரருக்கு முப்பது வயசு உடம்புல குளிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான் சார்."

"எனக்கும் சேத்திங்களா?"

"உணர்ச்சியை நகல் எடுக்க முடியாது சார், இடம் மாத்தத்தான் முடியும். பட்டை ஓடுற நேரத்துல கழுத்துக்குக் கீழ உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கை கால் எல்லாம் அசையும், பயப்பட வேண்டாம். அதுவும் ஒரு ரெஸ்ட்டுன்னு வெச்சுக்கங்களேன்."

கம்பெனி எங்களுக்கு வைத்த பெயர் 'உணர்வுத் தூதர்'. நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் முங்காள். முங்குகிற ஆள். திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு ஒருவர் முங்கப் போயிருந்த காலம் அது.

சூடு தெரியாதவன் சூட்டிலிருந்து தானாக எழுந்திருக்க மாட்டான் இல்லையா, அதனால் கரையில் ஒரு மேஸ்திரி கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். "ஏழாம் நம்பர், எந்திரி" என்பார். எழுந்து பார்த்தால் தோல் வேகவைத்த நண்டு நிறத்தில் இருக்கும். நம் உடம்பு என்று சொன்னால்தான் நம்ப முடியும். இன்னொரு சட்டமும் இருந்தது. முங்காளுக்கு உடம்பில் எங்கேயும் வலி இருக்கக் கூடாது. பட்டைக்கு இன்பம் வேறு, நோவு வேறு என்று பிரித்து அனுப்பத் தெரியாது, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடும். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் ஒருவர் பல்வலியை மறைத்துக்கொண்டு முங்கிவிட்டார். எங்கோ ஒரு பெரிய மனிதருக்குத் தாடை வலித்துவிட்டது. அன்று மாலையே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாவது வருடம், பட்டையைக் கழற்றிய பிறகும் வெதுவெதுப்பு திரும்பி வரவில்லை. ஆறாவது வருடம் குளிரும் போனது. கம்பெனி டாக்டர் "நரம்புக்குச் சோம்பேறித்தனம் வந்திருக்கு" என்றார். நரம்பு மட்டும்தான் சோம்பேறி, நான் இல்லை. ஊருக்கு வந்ததும் பல்லடத்தில் கோழிக்கறி வைக்கும் குளிர்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஓடிவருவார்கள். நான் உள்ளேயே இருப்பேன். முதலாளி என்னைத் தங்கமான ஆள் என்பார். இடது கைச் சுண்டுவிரல் நுனி கறுத்து விழுந்தபோது, பெட்டிக்கு நடுவில் மாட்டி நசுங்கியது என்று வீட்டில் சொன்னேன்.

வீட்டில் நடிப்பது பெரிய கஷ்டமில்லை. டீ வந்தால் ஊதிவிட்டுக் குடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வெயில் என்றால் நானும் "என்னா வெயில்" என்பேன். இந்த ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பிடிபடவில்லை என்றுதான் நம்பியிருந்தேன்.

விடுதியின் முன்பதிவுப் படிவம் வந்தது. அடுத்த ஞாயிறு அதை நிரப்ப உட்கார்ந்தேன். கீழ் அறை, கட்டில், தனிக் குளம், மீன் இல்லாத சாப்பாடு ஒன்று, எல்லாவற்றையும் பிரகதி ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். கடைசி வரியில் 'தம்பதிப் பட்டை, ஒரு ஜோடி' என்று இருந்தது. அனுப்புகிறவர் பிரகதி, பெறுகிறவர் நான்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் விளையாட்டுக்காக மாட்டிக்கொள்கிற சமாச்சாரம் அது. அந்த வரியை அவளுக்குக் காட்டினேன்.

"இது என்ன?"

"படிச்சீங்கல்ல."

"பிரகதி, இதைப் போட்டா உனக்கு ஒன்னுமே தெரியாது. தண்ணின்னே தெரியாது."

"தெரியுமுங்க. அந்தத் தமிழ் பேசற ஹெல்ப்லைன் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டேன். உங்குளுக்குத் தோலுதான் செத்திருக்குதாமா, மூளை சாகலியாமா. என்ற உடம்புல இருந்து வந்தா உங்குளுக்கு நல்லாத் தெரியுமாமா."

படிவத்தைக் கீழே வைத்தேன். பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"வந்த வருசமே. மார்கழி மாசம். ஹீட்டரு ரிப்பேரு. உங்குளுக்கு வெறும் பச்சத்தண்ணியத்தான் எடுத்து வெச்சேன். குளிச்சுட்டு வந்து, சூடு பதமா இருந்துச்சு அம்மிணின்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் நீங்க டீய ஊதறதப் பாக்கறேன். ஆறிப்போன டீயவும் ஊதறீங்க."

அவமானமாக இருந்தது. கோபம் அதைவிடச் சுலபமாக வந்தது. "அப்பறம் எதுக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போறே? எந்தத் தண்ணியில நான் கெட்டனோ அதே தண்ணிக்கு?"

"ஆறு வருசம் அடுத்தவனுக்குக் குளிச்சீங்க. ஒருக்கா உங்குளுக்குன்னு குளிங்களேன்."

"அதுக்கு நீ எனக்காக முங்கோணுமா? ஆசைப்பட்டவ நீ. வருசக்கணக்காச் சொல்லிச் சொல்லிக் கேட்டவ நீ."

"என்ற ஆசை நீங்க சொன்ன கதைதானுங்க. அதே பொய்யின்னு ஆயிப்போச்சு. ஒருத்தராச்சும் நெசமாத் தெரிஞ்சுக்கலாம்."

பேரம் பேசினோம். ஒரு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் எனக்கு, பட்டையைக் கழற்றிய பிறகு மிச்சம் ஐம்பது நிமிடமும் அவளுக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவளும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நவம்பரில் போனோம். ஆறு வருடம் வேலை பார்த்த விடுதிக்கு முன்வாசல் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் பின்பக்கம் விறகுக் கொட்டகை வழியாகப் போய் வந்தவர்கள். விடுதிக்கார அம்மாள் குனிந்து வணங்கினார். அவர் இடுப்பில் செருகியிருந்த மொழிபெயர்ப்புப் பெட்டி, "தங்கள் மீள்வருகை எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது" என்று செய்தி வாசிப்பது போலச் சொன்னது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் முகத்தை யார் பார்த்தார்கள்?

தனிக் குளத்துக்குப் போகிற வழியில் ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தமும், "பன்னெண்டாம் நம்பர், எந்திரி" என்று ஒரு குரலும் கேட்டன. பிரகதி நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

முக்காலியில் உட்கார அவளுக்கு நேரம் பிடித்தது. எழுந்திருக்க இன்னும் நேரம் பிடித்தது. வெட்கம் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளுத்துப்போன கயிற்றில் தாலியோடு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துச் சின்னக் குழந்தை மாதிரி இறங்கினாள். கழுத்து வரை தண்ணீரில் அமர்ந்ததும், இருவரும் பட்டையை மாட்டிக்கொண்டோம். கரையில் ஒரு சின்னக் கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருப்பி வைத்தேன். பொத்தானை அவள்தான் அமுக்கினாள்.

வெந்நீர் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் முழங்கால் வந்தது.

இரண்டு முழங்காலிலும் யாரோ திருகாணியை வைத்து முறுக்கியது போல ஒரு வலி. கத்திவிடாமல் பல்லைக் கடித்தேன். அடுத்து இடுப்பு. இடுப்பின் இடது பக்கத்திலிருந்து தொடை வழியாகக் குதிகால் வரை ஒரு சுரீர், மூச்சு விட்டால் கூடியது. வலது தோள், துணியைத் திருப்பித் திருப்பிப் போடுகிற தோள், மரத்துக் கனத்தது. இவ்வளவுக்கும் இடையில் எங்கோ ஓரமாக வெதுவெதுப்பு ஒன்று இருந்தது, நெரிசல் பஸ்ஸில் ஏற முடியாமல் படியில் தொங்குகிறவன் மாதிரி.

முதலில் பட்டை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் கோபிச்செட்டிபாளையத்துக்காரரின் பல் ஞாபகம் வந்தது. பட்டை கெடவில்லை. எல்லாவற்றையும் மூட்டையாக அனுப்பியிருக்கிறது.

எத்தனை படி, கம்பி இருக்குமா, கீழ் அறையா, கட்டிலா, முக்காலி எவ்வளவு உயரம். காலண்டர் தாள் தாளாக அவள் என்னிடம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கேலி பேசினேன். இந்த உடம்போடு போயிருந்தால் முங்காள் வேலைக்கு அவளை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். பனியன் கம்பெனி இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கிறது. நான் ஆவிக்கு முன்னால் நின்று சொர்க்கம் என்று சொன்ன ஒவ்வொரு வாரமும், அவள் போனைப் பிடித்துக்கொண்டு இந்தக் காலில்தான் நின்றிருக்கிறாள். எனக்குச் சூடு தெரியவில்லை என்று அவள் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக் கண்டுபிடித்தாள். நான் அவளிடம், உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

"சூடு தெரியுதுங்களா மாமா?"

"தெரியுது."

"எப்புடி இருக்குது?"

"நீ சொல்லு, உனக்கு எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றினேன். முகம் கோணியிருக்கும். ஆவியில் அவள் கவனிக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். தலையைப் பாறையில் சாய்த்திருந்தாள். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இருந்த முகம் அது. அந்தச் சுருக்கம் வயதால் வந்தது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"ஒன்னுமே இல்லீங்க," என்றாள் மெல்ல. "உடம்பே இல்லாத மாதிரி இருக்குது. கால் எங்க இருக்குதுன்னே தெரியல. காத்து மாதிரி இருக்குது மாமா."

அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. அது ஆவியா, என்னவோ.

"இப்புடித்தான் உங்குளுக்கு ஆறு வருசமும் இருந்துச்சா?" என்றாள். "குடுத்து வெச்சவருங்க நீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள். நான் தண்ணீருக்குள் அவள் முழங்காலைத் தேடிப் பிடித்து மெதுவாக அமுக்கிவிட ஆரம்பித்தேன். அவளுக்கு அது தெரியவில்லை. என் கை அமுக்க அமுக்க எனக்குத்தான் உயிர் போனது.

கடிகாரம் மணியடித்தது. பத்து நிமிடம்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மாமா," என்றாள். "சத்தியம் பண்ணேன், இல்லைன்னு சொல்லலீங்க. இருந்தாலும் இன்னொரு பத்து நிமிசம் இப்புடியே இருந்துக்கட்டுமுங்களா?"

"உனக்கு வெந்நீர் வேண்டாமா?"

"அது கெடக்குதுங்க."

நான் எட்டி மணியை நிறுத்தினேன். கடிகாரத்தைத் திரும்பவும் திருப்பினேன், இந்த முறை பத்துக்கு இல்லை, மிச்சமிருந்த ஐம்பதுக்கும். அவளுக்குச் சூடு தெரியாது, நான்தான் மேஸ்திரி மாதிரி பார்த்து நடுநடுவே அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும். அவள் தூங்கிவிட்டாள். நான் இன்னொரு முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.